பே விண்டோ கேம்பர் வேனின் முன்பக்கத்தைத் தாழ்த்துதல்: அளவெடுப்பதில் தொடங்கி அலைன்மென்ட் வரை

ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வேனில் இரண்டாம் தலைமுறைக்கு, அதாவது 1968 முதல் 1979 வரையிலான மாடல்களுக்கு, முன்புறம் ஒரே வளைந்த கண்ணாடி. அதனால்தான் அதற்கு பே விண்டோ என்று பெயர். இந்த வழிகாட்டி அந்த வேனுக்கு மட்டுமே. அதற்கு முந்தைய ஸ்ப்ளிட் ஸ்கிரீன் வேனில் கிங் பின் அமைப்பு. அடுத்து வந்த டி3 வேனில் சுருள் ஸ்பிரிங். இரண்டுக்கும் வேலை வேறு.

இதை ஒருவர் முதன்முறை செய்யும்போது பக்கத்தில் நின்று பலமுறை பார்த்திருக்கிறேன். ஸ்பானர் பிடிக்கத் தெரியாததால் யாரும் சிக்கிக்கொள்வதில்லை. முன்னால் செய்ய வேண்டியதைப் பின்னால் செய்துதான் மாட்டிக்கொள்கிறார்கள். ஆகவே வரிசை முக்கியம்.

1. எந்தப் பாகம் வண்டியைத் தாங்குகிறது

வேனின் மூக்குக்கு அடியில், குறுக்காக, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு குழாய்கள் போகின்றன. இதுதான் பீம். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் மெல்லிய எஃகுப் பட்டைகள் கட்டாக அடுக்கப்பட்டிருக்கும். கட்டின் நடுப்பகுதி குழாயோடு பூட்டப்பட்டிருக்கும். இரு முனைகளிலும் சக்கரத்தைத் தாங்கும் கைகள் மாட்டப்பட்டிருக்கும். சக்கரம் மேலே எழும்போது கை திரும்புகிறது, பட்டைகள் முறுக்கிக்கொள்கின்றன. இந்த முறுக்குதான் ஸ்பிரிங்.

ஒரு பக்கத்தின் மேல் கையையும் கீழ்க் கையையும் இணைப்பது ஸ்பிண்டில். கைகளின் முனையிலுள்ள குண்டு மூட்டுகளான பால் ஜாயிண்டுகள் இரண்டும் அதில்தான் வந்து சேரும். சக்கரம் பூட்டப்படும் ஹப்பும் பிரேக்கும் அதன் மேல்தான் உட்காரும்.

இதிலிருந்தே தாழ்த்துவதற்கு இரண்டு வழிகள் பிறக்கின்றன. ஒன்று, ஸ்பிண்டிலை மாற்றுவது: சக்கர அச்சு சற்று உயரத்தில் அமைந்த டிராப் ஸ்பிண்டிலைப் போட்டால், கைகள் பழைய கோணத்திலேயே இருக்க, வண்டி மட்டும் கீழே இறங்கும். மற்றொன்று, பீமின் நடுப் பூட்டைத் திருப்பக்கூடியதாக மாற்றி, பட்டைக் கட்டையே சுழற்றுவது. இதில் கைகளின் கோணமே மாறிவிடும்.

2. எவ்வளவு, எந்த வழியில்

டிராப் ஸ்பிண்டில் தரும் இறக்கம் சுமார் 63 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை அங்குலம். உள்ளே படுத்து உறங்கவும் குடும்பத்தோடு ஊர் சுற்றவும் வைத்திருக்கும் வண்டிக்கு இது தாராளம் என்பது என் கருத்து. கைகளின் கோணம் மாறாததால் ஸ்பிரிங்கின் பயணம் முழுதாக மிஞ்சுகிறது. ஷாக் அப்சார்பரை மாற்ற வேண்டியதில்லை. கை ஓர் எல்லைக்கு மேல் எழாமல் நிறுத்தும் ரப்பர் தடுப்பு முன்பிருந்த தொலைவிலேயே இருக்கிறது. ஓட்டும்போது மென்மை குறையாது.

பீமைத் திருப்பும் வழியில் விரும்பிய அளவுக்கு இறக்கலாம் என்ற கவர்ச்சி உண்டு. ஆனால் இறக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஸ்பிரிங்கின் மேல்நோக்கிய பயணத்திலிருந்து கழிகிறது. ஷாக் அப்சார்பர் குட்டையாக வேண்டும், தடுப்பு ரப்பரை வெட்ட வேண்டும், பால் ஜாயிண்டுகள் தங்கள் கோணத்தின் எல்லைக்கு அருகில் வேலை செய்யும். புல்வெளி முகாம்களும் படகுத் துறைச் சரிவுகளும் அந்த அழகை ரசிப்பதில்லை.

எனவே முதலில் ஸ்பிண்டில். போதவில்லை என்றால் பிறகு பீம். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி ஸ்பிண்டில் பற்றியே.

முடிவெடுக்கும் முன் ஒரு கணக்கையும் பார்த்துவிடுங்கள். இந்த வேனின் முன் பின் அச்சுகளுக்கு இடையே 2,400 மில்லிமீட்டர். முன்பக்கம் மட்டும் 63 மில்லிமீட்டர் இறங்கினால் உடல் முழுவதும் ஏறக்குறைய ஒன்றரை டிகிரி முன்னால் சாயும். காஸ்டர் கோணமும் அதே ஒன்றரை டிகிரி குறையும். தொழிற்சாலை கொடுத்ததே சுமார் 3 டிகிரிதான். அதில் பாதி போய்விடுகிறது. காஸ்டர்தான் ஸ்டீயரிங்கைத் தானாக நேராக்கும் கோணம். அது பாதியானால் நெடுஞ்சாலையில் லாரி ஒன்று கடந்து போகும்போது வேன் தன் பாட்டுக்கு அலையும். ஆகவே முன்பக்கத்தைத் தாழ்த்துகிறவர், பின்பக்கத்துக்கும் ஒரு நாளை ஒதுக்கிவைத்துவிட்டே தொடங்க வேண்டும்.

காகித வேலையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றத்தை முன்கூட்டியே தெரிவியுங்கள். விபத்துக்குப் பிறகு தெரிவிப்பதால் பயனில்லை. ஜெர்மனியில் இத்தகைய மாற்றத்தைப் பரிசோதித்துப் பதிவு செய்தாக வேண்டும். பிரிட்டனில் 40 ஆண்டு கடந்த வண்டிக்கு 2018 மே மாதத்திலிருந்து ஆண்டுப் பரிசோதனை கட்டாயமில்லை. ஆனால் சஸ்பென்ஷனின் வகையையே மாற்றினால் அது பெரிய மாற்றமாகக் கருதப்பட்டு அந்தச் சலுகை போய்விடும். ஸ்பிண்டில் மாற்றுவது வகையை மாற்றுவதாகாது. பீமைக் கழற்றி எறிந்துவிட்டுச் சுருள் ஸ்பிரிங் அமைப்பை ஒட்டவைப்பது மாற்றம்தான்.

3. வாங்கும் முன் வண்டியை அடையாளம் காணுங்கள்

1970 ஆகஸ்டுக்கு முன் தயாரான பே விண்டோ வேன்களுக்கு முன்புறம் டிரம் பிரேக். அதற்குப் பிறகு, அதாவது 1971 மாடலிலிருந்து, டிஸ்க் பிரேக். இரண்டுக்கும் ஸ்பிண்டில் வேறு. ஒன்று மற்றொன்றில் பொருந்தாது.

இங்கேதான் முதல் சறுக்கல். தொழிற்சாலையின் மாடல் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கும். பதிவுப் புத்தகத்தில் 1970 என்று பார்த்துவிட்டு டிரம் ஸ்பிண்டில் வரவழைத்தார் ஒரு நண்பர். வண்டி அந்த ஆண்டு அக்டோபரில் பிறந்தது. அதாவது 1971 மாடல், டிஸ்க் பிரேக். சக்கரங்களைக் கழற்றி வண்டியை மரக்கட்டை மேல் நிறுத்திய பிறகுதான் பெட்டியைப் பிரித்தார். அடுத்த இரண்டு வாரம் வண்டி அப்படியே நின்றது.

சேசிஸ் எண்ணின் மூன்றாவது இலக்கம் மாடல் ஆண்டைச் சொல்லும்: 8 என்றால் 1968, 0 என்றால் 1970, 1 என்றால் 1971. அதைப் பாருங்கள். அதையும் முழுதாக நம்பாதீர்கள். ஐம்பது ஆண்டில் எத்தனையோ கை மாறியிருக்கும். யாராவது டிஸ்க் பிரேக்குக்கு மாற்றியிருக்கலாம். சக்கரத்தைக் கழற்றிக் கண்ணால் பார்ப்பதே கடைசிச் சாட்சி. சக்கரத்தைப் பூட்டும் ஐந்து துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 205 மில்லிமீட்டர் என்றால் பழைய அமைப்பு, 112 என்றால் புதியது.

பல டிராப் ஸ்பிண்டில்கள் சக்கரத்தைப் பக்கத்துக்குச் சில மில்லிமீட்டர் வெளியே தள்ளும். எவ்வளவு என்று விற்பவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அகலமான சக்கரம் போட்டிருப்பவர்களுக்குச் சக்கர வளைவின் விளிம்பில் டயர் உரசுவது பெரும்பாலும் இதனால்தான்.

4. கையில் இருக்க வேண்டியவை

தரமான டிராலி ஜாக் ஒன்று, தனியாக இன்னொரு சிறிய ஜாக், ஆக்சில் ஸ்டாண்டு இரண்டு, பின்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை. பால் ஜாயிண்டையும், ஸ்டீயரிங்கின் திருப்பத்தை ஸ்பிண்டிலுக்குக் கொண்டுபோகும் கம்பியான டை ராடின் முனையையும் பிரிக்கும் கருவி. குறித்த அளவுக்கு முறுக்க உதவும் டார்க் ரெஞ்ச். இரும்புத் தூரிகை, துரு இளக்கும் எண்ணெய், பேரிங் கிரீஸ். பால் ஜாயிண்டுகளுக்கும் டை ராடுக்கும் புதிய பூட்டு நட்டுகள், ஹப்பின் உட்பக்க எண்ணெய்ச் சீல் இரண்டு, ஸ்பீடோமீட்டர் கேபிளைப் பிடிக்கும் கிளிப் இரண்டு. ஒன்று போதாதா என்று கேட்காதீர்கள். ஒன்று புல்லில் விழும். உங்கள் ஆண்டுக்கான பழுதுபார்ப்புக் கையேடு. முறுக்கு அளவுகளை அதிலிருந்துதான் எடுக்க வேண்டும், நினைவிலிருந்து எடுக்கக் கூடாது.

இடம் சமதளமாக, கான்கிரீட்டாக இருக்கட்டும். புல் தரையில் ஸ்டாண்டு புதைந்து சாய்வதைப் பார்த்திருக்கிறேன்.

5. ஒரு வாரம் முன்பே செய்ய வேண்டியது

வழக்கமாக நீங்கள் எப்படிப் பயணம் போவீர்களோ அப்படி வண்டியை ஏற்றுங்கள்: தண்ணீர்த் தொட்டி, எரிவாயு உருளை, படுக்கை, பாத்திரம், பாதி டேங்க் பெட்ரோல். காலி வண்டியின் உயரத்தை வைத்துத் திட்டமிட்டால் கோடை விடுமுறையில் கணக்கு பொய்த்துவிடும்.

ஹப்பின் மையத்திலிருந்து சக்கர வளைவின் விளிம்பு வரை நான்கு சக்கரத்திலும் அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயரின் காற்றழுத்தம் அந்த அளவை மாற்றிவிடும். இடமும் வலமும் முன்பே 10 மில்லிமீட்டர் வேறுபட்டால், அது ஸ்பிண்டிலின் குற்றமாக இருக்க முடியாது. இதை இப்போது எழுதி வைக்காதவர்கள் பிறகு புதிய பாகத்தைத் திட்டுவார்கள்.

அடுத்து, முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் அது சக்கர பேரிங். அதை எப்படியும் சரிசெய்யப் போகிறோம். மறையவில்லை என்றால் பால் ஜாயிண்ட் தேய்ந்திருக்கலாம், அல்லது பீமுக்குள் கைகள் உட்காரும் இடம் தேய்ந்திருக்கலாம். பால் ஜாயிண்டுகள் கைகளுக்குள் அழுத்தி ஏற்றப்பட்டவை. அவற்றை மாற்றக் கையைக் கழற்றி பிரஸ்ஸுக்குக் கொண்டுபோக வேண்டும். அது வேறொரு வார இறுதி வேலை. தேய்ந்த ஜாயிண்டோடு புதிய ஸ்பிண்டிலைச் சேர்ப்பது ஓட்டைக் குடத்துக்குப் பூச்சூட்டுவது.

பீமின் கிரீஸ் முனைகளில் இப்போதே கிரீஸ் ஏற்றிவிடுங்கள். கழற்றப் போகும் எல்லா நட்டுகளையும் இரும்புத் தூரிகையால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை வாரம் முழுவதும் மாலைதோறும் விடுங்கள். சனிக்கிழமை காலையில் முதல் முறையாக விடும் எண்ணெய் எதையும் இளக்காது.

6. தூக்கி நிறுத்துதல்

கைப்பிரேக் பின்சக்கரத்தைப் பிடிப்பதால் முன்பக்கத்தைத் தூக்குவது ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. ஆனாலும் கியரில் போட்டு, பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள். சக்கர நட்டுகளைத் தரையில் நிற்கும்போதே அரைச் சுற்று தளர்த்துங்கள். தூக்கிய பிறகு இழுத்தால் வண்டி ஸ்டாண்டின் மேல் ஆடும்.

ஸ்டாண்டை பீமுக்குப் பின்னால், சேசிஸ் நீளச்சட்டத்தின் தடித்த பகுதியில் வையுங்கள். பக்கவாட்டு விளிம்பில் வைக்காதீர்கள். இந்த வேன்கள் முதலில் துருப்பிடிக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. வைத்த பிறகு வண்டியைத் தோளால் நன்றாகத் தள்ளிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் அடியில் இல்லாதபோது விழட்டும்.

ஒரே நேரத்தில் இரு பக்கத்தையும் பிரிக்காதீர்கள். ஒரு பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். குழப்பம் வந்தால் எட்டிப் பார்க்க மறுபக்கத்தில் முழு மாதிரி ஒன்று நிற்கும்.

7. ஸ்பீடோமீட்டர் கேபிள், பிரேக், ஹப்

வலது பக்கத்திலிருந்து தொடங்குங்கள். இடது பக்கத்தில்தான் கூடுதல் தொல்லை.

ஏன் என்றால், ஸ்பீடோமீட்டர் கேபிள் இடது முன்சக்கரத்தின் அச்சுக்குள் புகுந்து வெளியே வருகிறது. ஹப்பின் கிரீஸ் மூடியை உற்றுப் பாருங்கள்: நடுவில் ஒரு சதுரத் துளை, அதில் தீக்குச்சி பருமனுக்கு ஒரு சதுர முனை எட்டிப் பார்க்கும், அதன் குறுக்கே நகக்கண் அளவுக்கு ஒரு கிளிப். சக்கரம் சுற்றும்போது மூடி கேபிளைச் சுற்றுகிறது. இந்தக் கிளிப்பை எடுக்காமல் மூடியைத் தட்டிக் கழற்றினால் கேபிளின் முனை வளைந்துவிடும். பிறகு முள் நடுங்கிக்கொண்டே இருக்கும். கிளிப்பை ஒரு விரலால் மூடிக்கொண்டு எடுங்கள், இல்லாவிட்டால் பறக்கும். நான் தொலைத்த ஒன்றை மறுநாள் காலையில் காந்தத்தை நூலில் கட்டி இழுத்துத்தான் கண்டெடுத்தேன்.

டிஸ்க் பிரேக் என்றால், டிஸ்க்கை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் கேலிப்பரின் இரண்டு போல்ட்டுகளையும் கழற்றி, கேலிப்பரைக் கம்பியால் பீமில் கட்டித் தொங்கவிடுங்கள். ரப்பர் குழாயில் தொங்கவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே கிழியும். குழாயைப் பிரிக்கவே வேண்டாம். பிரித்தால் பிரேக்கில் காற்று எடுக்க வேண்டிய வேலையும் வந்து சேரும். டிரம் பிரேக் என்றால் டிரம்மை எடுத்த பிறகு, ஷூவோடு கூடிய பின்தட்டை முழுதாக விடுவித்து அதேபோல் கட்டுங்கள். அந்த நேரம் யாரும் பிரேக்கை மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டிக்குள் விளையாடும் குழந்தைகளுக்குப் பெடல் என்றால் தனிப் பிரியம்.

அடுத்து ஹப் நட். இடது பக்கம் எதிர்மரையாக இருக்கும், அதாவது வழக்கத்துக்கு எதிர்த் திசையில் திருப்பினால்தான் கழலும். முழு பலத்தையும் போடுமுன் மரை ஓடும் திசையைக் கண்ணால் பாருங்கள். வெளிப்புற பேரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஹப்பை இழுத்தால் மொத்தமாக வெளியே வரும். பேரிங்குகளை வலது, இடது என்று எழுதிய தனித்தனிப் பைகளில் போடுங்கள். ஓடித் தேய்ந்த பேரிங் தன் வளையத்தோடுதான் இணங்கும்.

8. டை ராட், பால் ஜாயிண்ட்

டை ராட் முனை சாய்வான துளைக்குள் இறுகியிருக்கும். நட்டைக் கழற்றி, பிரிக்கும் கருவியால் அழுத்துங்கள். கருவி இறுகிய நிலையில், ஸ்பிண்டிலின் காதுப்பகுதியில் பக்கவாட்டில் ஒரு சுத்தியல் அடி கொடுத்தால் டப்பென்று விடும். மரை முனையில் அடிக்காதீர்கள். நட்டை முழுதாக எடுக்காமல் சில மரை விட்டு வைப்பது நல்லது. விடும்போது முகத்துக்கு வராது.

பால் ஜாயிண்டைத் தொடும் முன் ஒரு வேலை. மேல் ஜாயிண்ட் ஸ்பிண்டிலில் சேரும் இடத்தில் மையம் விலகிய ஒரு புஷ் இருக்கும். அதைச் சுழற்றித்தான் கேம்பர் கோணத்தை, அதாவது முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் அளவை, அமைக்கிறார்கள். புஷ் எந்த நிலையில் நிற்கிறது என்று வெள்ளைப் பெயிண்டால் கோடு போடுங்கள், படமும் எடுங்கள். இந்தப் புஷ் புதிய ஸ்பிண்டிலுக்கு மாற வேண்டும். பழைய ஸ்பிண்டிலோடு அதையும் சேர்த்துப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது சிறிய ஜாக்கைக் கீழ்க் கையின் அடியில் கொண்டுவந்து தொடும் அளவுக்கு உயர்த்துங்கள். ஷாக் அப்சார்பரைக் கழற்றாதீர்கள். கீழ்க் கை ஓர் அளவுக்கு மேல் தொங்காமல் அது பிடித்துக்கொள்ளும். பால் ஜாயிண்டுகளின் நட்டைத் தளர்த்திப் பிரியுங்கள். ஸ்பிண்டில் விடுபட்டதும் மேல் கையும் கீழ்க் கையும் தனித்தனியே நகரும். விரல்களை நடுவில் வைக்காதீர்கள். சுருள் ஸ்பிரிங் போல் துள்ளி வெளியேறாது என்றாலும், பட்டைகளில் மிச்சமிருக்கும் முறுக்கு விரலை நசுக்கப் போதும்.

9. புதிய ஸ்பிண்டிலை மேசையில் வைத்துச் சோதித்தல்

எல்லோரும் தாண்டிப் போகும் கட்டம் இது. பெட்டியிலிருந்து எடுத்த ஸ்பிண்டிலை நேராக மாட்டக் கூடாது. அழகுக்காகப் பூசிய பெயிண்ட் மரையிலும், பேரிங் உட்காரும் இடத்திலும், துளைகளிலும் ஒட்டியிருக்கும்.

உட்புற பேரிங்கைக் கையால் தள்ளிப் பாருங்கள். தோள்வரை சென்று உலோகம் உலோகத்தைத் தொட வேண்டும். பெயிண்டின் மேல் உட்கார்ந்தால், அன்றைக்குச் சரியாக இருப்பதுபோல் தோன்றும். சில நூறு கிலோமீட்டரில் பெயிண்ட் நொறுங்கி, அத்தனை தடிப்பும் ஆட்டமாக மாறும். டை ராடும் பால் ஜாயிண்டும் சேரும் துளைகளுக்கும் இதே விதி. சுரண்டி, துணியால் துடைத்து, வெறும் உலோகமாக்குங்கள்.

ஹப் நட்டைக் கையால் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். இடது ஸ்பிண்டிலின் நடுத்துளை வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். கேபிள் போகும் வழி பெயிண்டால் அடைபட்டிருந்தால் இப்போது தெரிந்துகொள்வது நல்லது. பழைய ஸ்பிண்டிலைப் பக்கத்தில் வைத்து, டை ராட் சேரும் கை, கேலிப்பர் துளைகள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். அச்சு மட்டும்தான் உயர்ந்திருக்க வேண்டும்.

10. மாட்டுதல்

கேம்பர் புஷ்ஷை லேசாகக் கிரீஸ் தடவி, குறித்த நிலையில் புதிய ஸ்பிண்டிலில் பொருத்துங்கள். முதலில் ஒரு ஜாயிண்டை ஏற்றி நட்டைக் கையால் பிடிக்கவையுங்கள். பிறகு கீழ்க் கையின் அடியிலுள்ள ஜாக்கை மெதுவாக ஏற்றி இறக்கி, மற்ற ஜாயிண்டை அதன் துளைக்கு நேராகக் கொண்டுவாருங்கள். மேல் கை பிடிவாதம் பிடித்தால் ஒரு நீளமான கம்பியால் நெம்பலாம்; ரப்பர் மூடி கிழியாமல் பாருங்கள். கிழிந்த மூடிக்குள் தண்ணீர் போனால் அந்த ஜாயிண்டின் ஆயுள் அவ்வளவுதான்.

இரண்டு நட்டும் பிடித்த பிறகே கையேட்டின் அளவுக்கு முறுக்குங்கள். பழைய பூட்டு நட்டை மறுபடி போடாதீர்கள். அதன் பூட்டும் பகுதி ஒருமுறைதான் முழு பலத்தோடு பிடிக்கும். பிறகு டை ராட். இறுகிய ஒவ்வொரு நட்டின் மேலும் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். எது முடிந்தது, எது பாக்கி என்று மாலையில் யோசிக்க வேண்டியிருக்காது.

பிரேக்கை மாட்டியதும், ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பச் சொல்லி, பிரேக் குழாயைப் பாருங்கள். எந்த நிலையிலும் இழுபடவோ டயர் பக்கம் சாயவோ கூடாது.

11. பேரிங்கின் இறுக்கம்

ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை முறுக்குங்கள், பேரிங்குகள் உட்காரும்வரை. பிறகு சற்றே தளர்த்துங்கள். நட்டுக்குப் பின்னால் உள்ள தடித்த வாஷரை ஸ்க்ரூ டிரைவர் முனையால் தள்ளிப் பாருங்கள்: நெம்பாமல், விரல் பலத்திலேயே பக்கவாட்டில் நகர வேண்டும். அசையவில்லை என்றால் இறுக்கம் அதிகம். பேரிங் சூடாகி எரியும். தாராளமாக ஓடினால் இறுக்கம் போதாது. அந்த நிலையில் நட்டைப் பூட்டி, பூட்டிய பிறகு இன்னொருமுறை சோதியுங்கள், ஏனென்றால் பூட்டும்போது நட் நகர்வதுண்டு.

புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, இறுக்கமாக இருந்தால்தான் பத்திரம் என்று நினைப்பது. பேரிங் விஷயத்தில் அது நேர்மாறு.

12. தரையில் இறக்கும் முன் உரசல் சோதனை

சக்கரத்தை மாட்டியதும், டயரைக் கையால் சுற்றுங்கள். டிராப் ஸ்பிண்டிலில் சக்கரம் ஜாயிண்டுகளைவிட உயர்ந்துவிடுவதால், கீழ் பால் ஜாயிண்ட் சக்கரத்தின் உள்விளிம்புக்கு முன்பைவிட நெருங்கி வரும். டை ராட் முனையும் அப்படியே. இடைவெளி எவ்வளவு என்று விரலை விட்டுப் பாருங்கள். ஒட்டவைக்கும் சமன்படுத்தும் ஈயத்துண்டு உள்பக்கத்தில் இருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். இடைவெளி குறைந்த சக்கரத்தில் இடிப்பது அதுதான்.

பிறகு ஜாக்கைக் கீழ்க் கையின் அடியில் வைத்து, ஸ்டாண்டிலிருந்து வண்டி எழாத அளவுக்குச் சக்கரத்தை உயர்த்தி, ஸ்டீயரிங்கை இரு எல்லைக்கும் திருப்புங்கள். சக்கர வளைவின் விளிம்பிலும், உள்ளே பின்மூலையிலும் டயர் எங்கே தொடுகிறது என்று பாருங்கள். காலி வண்டி நின்ற இடத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு உரசவில்லை என்று சொல்வது சோதனை ஆகாது. பள்ளத்தில் இறங்கிக்கொண்டே திரும்பும்போதுதான் உரசும்.

சின்ன டயர் போட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயங்கள். தொழிற்சாலை போட்ட 185 ஆர்14 சி டயர் சரக்கு வண்டிக்கான வலுவூட்டிய வகை. மாற்றும் டயரின் சுமை எண் அதற்குக் குறையக் கூடாது. அடுத்தது, ஸ்பீடோமீட்டரை ஓட்டுவதே இடது முன்சக்கரம் என்பதால், டயரின் சுற்றளவு குறைந்தால் முள் உண்மையைவிட அதிக வேகத்தைக் காட்டும்.

தரையில் இறக்கியபின் சக்கர நட்டுகளைச் சுமார் 130 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள்.

13. அலைன்மென்ட், விளக்கு, பின்பக்கம்

வண்டியை மெதுவாக இருநூறு மீட்டர் முன்னும் பின்னும் ஓட்டி, சஸ்பென்ஷன் உட்கார்ந்த பிறகு உயரத்தை அளந்து பாருங்கள். ஹப்பின் மையத்திலிருந்து வளைவு வரையிலான அளவு 63 மில்லிமீட்டருக்கு அருகில் குறைந்திருக்க வேண்டும்.

பிறகு வேறெங்கும் போகாமல் அலைன்மென்ட் கடைக்குப் போங்கள். வரிசை இப்படி: பின்பக்கத்தின் உயரம், கேம்பர், கடைசியாக டோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு. கேம்பரைத் தொட்டால் டோ மாறும். உயரத்தைத் தொட்டால் எல்லாமே மாறும். முன்பக்கத்தை மட்டும் முடித்துவிட்டு அலைன்மென்ட் செய்து, அடுத்த மாதம் பின்பக்கத்தைத் தாழ்த்தி மறுபடி காசு கொடுப்பவர்கள் அதிகம். கேம்பர் புஷ் இருப்பதே தெரியாத கடைகளும் உண்டு. கையேட்டின் அந்தப் பக்கத்தைக் கையோடு கொண்டுபோங்கள்.

பின்பக்கத்தில் முறுக்குக் கம்பியின் பல் வரிசையில் தட்டை இடம்மாற்றித்தான் உயரத்தை மாற்ற வேண்டும். நல்ல விசை தேங்கியிருக்கும் இடம் அது; அதற்குத் தனியாகப் படித்துவிட்டு இறங்குங்கள்.

முகப்பு விளக்குகளை மறக்காதீர்கள். மூக்கு இறங்கிய வண்டியின் வெளிச்சம் தரையைத்தான் பார்க்கும். இரவில் முதல்முறை ஓட்டும்போது, பல்பு மங்கிவிட்டதோ என்று சந்தேகப்பட்டு மாற்றியவர்களைத் தெரியும்.

14. இன்னும் இறங்க வேண்டும் என்றால்

நீங்களே பீமை அறுத்து, நடுப் பூட்டைத் திருப்ப உதவும் பற்கள் கொண்ட சரிப்படுத்தியைப் பற்றவைக்க முயலாதீர்கள். பீம் வண்டியிலிருந்து முழுதாக வெளியே வந்தாக வேண்டும். உள்ளே பட்டைகள் இருக்கும்போது பற்றவைத்தால் அவற்றின் பதம் போய்விடும். கோணம் சற்றே தவறினாலும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். சரிப்படுத்தி பொருத்திய பீம்கள் தயாராகக் கிடைக்கின்றன. எல்லா ஆண்டுக்கும் ஒரே பீம் பொருந்தாது என்பதால், சேசிஸ் எண்ணைக் கொடுத்து வாங்குங்கள்.

பட்டைக் கட்டை வெளியே இழுக்கும் முன் இரு முனையிலும் கம்பியால் கட்டுங்கள்; வரிசை கலைந்தால் மறுபடி அடுக்குவது பெரும்பாடு. சுத்தம் செய்து, கிரீஸ் பூசி உள்ளே தள்ளும்போது, கட்டின் நடுவிலுள்ள குழி பூட்டுத் திருகுக்கு நேராக வர வேண்டும். திருகின் முனை குழிக்குள் அமர்ந்ததா என்பதைக் கையால்தான் உணர முடியும்: அமர்ந்தால் பட்டென்று நிற்கும், அமராவிட்டால் பட்டையின் மேல் அரைத்துக்கொண்டு தேங்கும். அமராத திருகைப் பூட்டு நட்டால் இறுக்கிவிட்டால் சில வாரத்தில் கட்டு நழுவி, ஒரு காலைப்பொழுதில் வண்டி மூக்கைத் தரையில் வைத்து நிற்கும். கைகளைப் பிடிக்கும் திருகுகளுக்கும் இதே சோதனை.

மேல் குழாயின் சரிப்படுத்தியையும் கீழ்க் குழாயின் சரிப்படுத்தியையும் ஒரே பல்லில் வையுங்கள். வெவ்வேறாக வைத்தால் இரண்டு கட்டுகளும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும்.

15. முதல் ஆயிரம் கிலோமீட்டர்

முதல் 100 கிலோமீட்டருக்குப் பிறகு சக்கர நட்டுகள், கேலிப்பர் போல்ட்டுகள், டை ராட் நட்டுகள் ஆகியவற்றை மறுபடி சோதியுங்கள். நீங்கள் போட்ட பெயிண்ட் கோடுகள் உடைந்திருந்தால் அந்த நட் நகர்ந்திருக்கிறது. 500 கிலோமீட்டரில் பேரிங் ஆட்டத்தைப் பாருங்கள். 1,000 கிலோமீட்டரில் முன் டயர்களின் உள்விளிம்பையும் வெளிவிளிம்பையும் உள்ளங்கையால் தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கி மறு திசையில் சொரசொரத்தால் டோ தவறியிருக்கிறது.

இன்னொன்று: இத்தனை நாள் வண்டிக்கு அடியில் எளிதாகப் போன டிராலி ஜாக் இனிப் போகாமல் போகலாம். வழியில் டயர் பஞ்சரானால் இன்னும் தாழும். முன்சக்கரம் ஏறி நிற்க 40 மில்லிமீட்டர் தடித்த மரப்பலகை ஒன்றை அறுத்து, பின்னிருக்கைக்கு அடியில் போட்டு வையுங்கள்.